கண்காணிப்புச் சாப்பாடு

பணத்தூய்மை இயக்ககத்துக்கு எதிரே நகல் எடுக்கும் கடை வைத்தவனுக்கு வியாபாரம் படுக்கவே படுக்காது. அந்தக் கட்டடத்துக்குள் எந்தத் தாள் போனாலும் மூன்று பிரதியாகப் போக வேண்டும். வெளியே வரும்போது அது நான்கு பிரதியாகியிருக்கும். திருட்டு வழியில் வந்த பணத்துக்கு நல்ல உடுப்பு மாட்டி ஊருக்குள் உலவ விடுகிறவர்களைப் பிடிப்பது அவர்களுடைய வேலை. பிடிக்கிறார்களா என்று என்னைக் கேட்டுப் பயனில்லை. பிரதி எடுக்கிறார்கள், அதற்கு நான் சாட்சி.

நான் சொல்ல வந்தது சோத்தக்காவின் சங்கதி. என் கடையை ஒட்டிய மாடிப்படிக்கு அடியில் மதியச் சாப்பாடு போடுகிறவள் அவள். புருஷன் இல்லை. ஒரே மகள் கட்டிக்கொடுத்த இடத்தில் இருக்கிறாள். ஓர் அடுப்பு, சோற்றுப் பானை, பருப்புச் சட்டி, அன்றைக்கு எது மலிவோ அந்தக் காய், இவ்வளவுதான் கடை. நிமிர்ந்தால் படி தலையில் இடிக்கும் என்பதால் வருஷக்கணக்காகக் குனிந்தே பரிமாறி, இப்போதெல்லாம் தெருவில் நடக்கும்போதும் குனிந்துதான் நடக்கிறாள். மழை வந்தால் மொட்டைமாடித் தண்ணீர் ஒவ்வொரு படியாக இறங்கி நேரே அடுப்பைத் தேடி வரும். பின்சந்தில் கடிகாரம் பழுதுபார்க்கிறவர் காலி செய்துவிட்டுப் போன அறை ஒன்று இருந்தது. குழாய் உண்டு, ஜன்னல் உண்டு, ஆள் நிமிர்ந்து நிற்கலாம். அந்த அறையைப் பிடித்துவிட வேண்டும் என்பதுதான் அக்காவின் ஒரே ஆசை. அறைக்காரம்மா மாதக் கடைசி நாள் மாலை வரை பொறுப்பதாகச் சொல்லியிருந்தாள். அதற்குள் முன்பணம் முழுசாக வரவில்லையென்றால் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவாள்.

இயக்ககத்திலும் காண்டீன் என்று ஒரு பலகை தொங்குகிறது. பலகைக்குப் பின்னால் உடைந்த பீரோக்கள் இருக்கின்றன. காண்டீனில் சாப்பிட்டதாகக் கையெழுத்துப் போட்டு மாதாமாதம் சாப்பாட்டுப் படி வாங்கிக்கொண்டு, கடைநிலை ஊழியர் முதல் துணை இயக்குநர் வரை எல்லோரும் அக்காவிடம்தான் சாப்பிட்டார்கள்.

துணை இயக்குநருக்கு எங்கள் பக்கத்தில் சர்க்கரை சார் என்று பெயர். உடம்பில் சர்க்கரை ஏறிக் கிடப்பதால் வந்த பெயர். நேரில் கூப்பிட்டாலும் கோபித்துக்கொள்ள மாட்டார். அவருக்கென்று கிழங்கு சேர்க்காத காய் தனியாக ஒரு கிண்ணத்தில் எடுத்து வைக்கப்படும். சோறு இன்னும் கொஞ்சம் என்று அவர் கேட்டால் அக்கா முறைப்பாள்.

"வீட்டுல கூட என்னை இப்படி யாரும் பார்த்துக்கிட்டதில்ல அக்கா" என்று அவர் சொல்வதை என் காதால் பலமுறை கேட்டிருக்கிறேன்.

அக்காவிடம் ஒரு பழக்கம் உண்டு. சோறு போடும் கையால் காசைத் தொட மாட்டாள். படிமேல் ஒரு பிஸ்கட் டின் திறந்து கிடக்கும். சாப்பிட்டவர்கள் அவர்களாகவே அதில் பணத்தைப் போட்டு, மீதிச் சில்லறையை அவர்களாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். அவள் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள். ஏன் என்று ஒருநாள் கேட்டேன்.

"பார்த்தா சந்தேகப்பட்ட மாதிரி ஆயிடும் தம்பி. சாப்பிட்டு எந்திரிக்கிற மனுஷன் மனசு நோகக்கூடாது" என்றாள்.

அந்த டின்னைக் கொண்டுவந்து கொடுத்தவரே சர்க்கரை சார்தான். நோட்டில் இல்லாத கிருமி உலகத்தில் இல்லை, அதைத் தொட்ட கையால் பரிமாறாதீர்கள் என்று யோசனை சொன்னவரும் அவர்தான்.

இப்படி இருக்கும்போது இயக்ககத்துக்குத் திடீரென்று ஏழைகள்மேல் அக்கறை வந்தது. கணக்கில் வராத சிறுதொழில்காரர்களை வெளிச்சத்துக்குக் கொண்டுவரும் விழா என்று முற்றத்தில் பந்தல் போட்டார்கள். வங்கிக்காரர்கள் மேஜை போட்டு உட்கார்ந்தார்கள். இயக்குநர் மைக்கைப் பிடித்தார்.

"அரிசி டின்னில் படுத்துறங்கும் பணம் நாட்டின் சோம்பேறிப் பிள்ளை. அதை எழுப்பிப் பல் துலக்கவைத்து இங்கே அனுப்புங்கள். எங்கிருந்து வந்தது என்று நாங்கள் கேட்க மாட்டோம். கேட்பது எங்கள் வேலை இல்லை. கேட்பதுதான் எங்கள் வேலை என்றாலும், இன்றைக்குக் கேட்க மாட்டோம்!"

கைதட்டினார்கள். கடைசி வாக்கியத்தில் ஏதோ இடறுகிறதே என்று எனக்குத் தோன்றியது. ஆனால் அன்றைக்கு மட்டும் இரண்டாயிரம் துண்டுப் பிரசுரம் என் கடையில் ஓடியிருந்ததால் பேசாமல் இருந்துவிட்டேன்.

அக்காவுக்கு இஷ்டமே இல்லை. சர்க்கரை சார்தான் விடவில்லை.

"டின்னுல இருந்தா அதுக்குப் பேரு கருப்புப் பணம் அக்கா. பேங்க்ல போட்டுட்டா யாரும் உங்களை ஒரு வார்த்தை கேக்க முடியாது. அறைக்கு முன்பணம் குடுக்கணும்னா செக்கா கிழிச்சுக் குடுங்க, கௌரவமா இருக்கும். நான் இருக்கேன்ல?"

நான் இருக்கேன்ல என்ற ஒரு சொல்லுக்காக அக்கா வீட்டுக்குப் போய், இத்தனை வருஷம் சேர்த்ததை ஒரு பையில் கட்டிக் கொண்டுவந்தாள். இயக்குநர் அவள் கையில் பூச்செண்டு கொடுத்தார். படம் எடுத்தார்கள். முன்மாதிரிக் குடிமகள் என்று மறுநாள் பத்திரிகையில் வந்தது. அதை நான் பெரிசாக்கி நகல் எடுத்துப் படிக்கட்டுச் சுவரில் ஒட்டிக் கொடுத்தேன், காசு வாங்கவில்லை.

அறைக்காரம்மாவுக்குக் கொடுக்கப் பணம் எடுக்கலாம் என்று அக்கா வங்கிக்குப் போனபோது, உங்கள் கணக்கை முடக்கிவிட்டார்கள் என்று திருப்பி அனுப்பினார்கள். பின்னாலேயே இயக்ககத்திலிருந்து நோட்டீஸ் வந்தது. எழுத்துக்கூட்டிப் படிக்க நேரமாகும் என்று என்னிடம் கொடுத்தாள். "வருமானம் ஏதும் இல்லாத மேற்படி பெண்மணி, இயக்ககத்தின் விழிப்புணர்வு விழாவை ஒரு வாய்ப்பாகப் பயன்படுத்திக்கொண்டு, ஒரே நாளில் பெருந்தொகையை, இயக்ககத்தின் முற்றத்திலேயே, துணிச்சலாகச் செலுத்தியிருக்கிறார்." ஆதாரம் என்ற இடத்தில் பத்திரிகைப் படம் இணைக்கப்பட்டிருந்தது. அதில் அக்கா பூச்செண்டோடு சிரித்துக்கொண்டிருந்தாள்.

விசாரணைக்கு என்னையும் துணைக்குக் கூப்பிட்டாள். விசாரணை அதிகாரியைப் பார்த்ததும் அக்காவின் முகம் மலர்ந்தது. தினமும் இரண்டாம் முறை பருப்பு கேட்கிற ஆள்தான் அவர்.

"தொழில்?" என்றார் அவர், தாளைப் பார்த்தபடி.

"என்ன சார் கேக்கறீங்க? நேத்துதானே பருப்பு தூக்கலா இருக்குன்னு சொன்னீங்க?"

"கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்க."

'தொழில் பற்றிய கேள்விக்கு நேரடியாகப் பதிலளிக்க மறுத்தார்' என்று எழுதிக்கொண்டார். பிறகு நாற்காலியில் சாய்ந்து எங்களுக்கு வகுப்பெடுத்தார்.

"பணத்தை நல்லதாக்குறதுல மூணு கட்டம் இருக்கு. முதல்ல யாருன்னு தெரியாம பணத்தை உள்ள போடறது. உங்க டின். யார் போடறாங்க, எவ்வளவு போடறாங்க, எவ்வளவு திருப்பி எடுக்கறாங்க, எதுக்கும் ரசீது கிடையாது. போதாக்குறைக்கு நீங்க வேணும்னே வேற பக்கம் திரும்பிக்கறீங்க. இவ்வளவு நேர்த்தியான ஏற்பாட்டை நான் வெளிநாட்டு வழக்குல கூடப் பார்த்ததில்ல. ரெண்டாவது, தடம் தெரியாம மாத்தறது. அந்தக் காசை அரிசியா மாத்தியிருக்கீங்க. அரிசியைச் சோறாக்கியிருக்கீங்க."

"சோறு எங்க சார் இப்ப?" என்று அக்கா அப்பாவியாகக் கேட்டாள்.

"அதான். தடயமே இல்லாம அழிச்சிருக்கீங்க. மூணாவது, சுத்தமான பணமா வெளிய கொண்டுவர்றது. பின்சந்துல அறை."

அக்கா விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். "டின்னுல பணம் போட்டது யாருன்னு எனக்குத் தெரியுமே சார்" என்றாள்.

அவர் பேனாவை ஆர்வமாக எடுத்தார். "சொல்லுங்க, யாரு?"

"நீங்கதான். நீங்க, சர்க்கரை சார், உங்க மாடியில இருக்கற ஆபீசர் அம்மா, டிரைவருங்க. இந்த ஆபீஸ் பூரா."

அவர் பேனாவை மூடி வைத்தார். எழுந்து போய்க் கதவையும் மூடினார். அன்றைக்கு விசாரணை அத்தோடு முடிந்தது.

உள்ளே என்ன நடந்தது என்பதை நான் ஊகிக்க வேண்டிய தேவையே இல்லை. கூட்டக் குறிப்பு என்னிடம்தான் பிரதிக்கு வந்தது. அக்காவிடம் சாப்பிட்டதாக ஒருவர் ஒப்புக்கொண்டாலும், அப்படியானால் காண்டீனில் சாப்பிட்டதாக வாங்கிய படிப்பணம் எங்கே என்று தணிக்கைக்காரர்கள் கேட்பார்கள். எல்லோரும் திருப்பிக் கட்ட வேண்டும். சாப்பிடவில்லை என்றும் சொல்ல முடியாது, தெருவே பார்த்திருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் இயக்குநர் ஒரு வழி கண்டுபிடித்தார். அக்காவிடம் யாரும் சாப்பிடவில்லை, இத்தனை வருஷமும் சாப்பிடுகிற பாவனையில் அவளை ரகசியமாகக் கண்காணித்துக்கொண்டிருந்தார்கள்.

அதற்கப்புறம் எனக்கு மூச்சுவிட நேரமில்லை. கடந்து போன வருஷங்களுக்கெல்லாம் சேர்த்துக் கண்காணிப்பு அறிக்கைகள் தயாராயின. 'இன்று பருப்பு நீர்த்திருந்தது. பொருளாதார நெருக்கடியைப் போலியாகக் காட்ட முயற்சி எனக் கருதப்படுகிறது.' 'இன்று பருப்பு கெட்டியாக இருந்தது. பெருந்தொகை கைமாறியிருக்கலாம்.' பழைய தேதி போட்ட அறிக்கை புதிதாகத் தெரியக்கூடாது என்று தாள்களை வெயிலில் காயவைத்தார்கள். ஒரு டிரைவர் அவற்றின்மேல் காவியேறத் தேநீர் தெளித்தார்.

இதில் பெரிய கூத்து என்னவென்றால், மதியம் ஆனதும் எல்லோரும் வழக்கம்போலவே வந்து சாப்பிட்டார்கள். முன்பெல்லாம் சாப்பிட்டுவிட்டுச் சிரிப்பார்கள்; இப்போது சாப்பிட்டுவிட்டுக் குறிப்பெடுத்தார்கள்.

"இவனுங்களுக்கு ஏன்கா இன்னும் சோறு போடறீங்க?" என்று கத்தியேவிட்டேன்.

"சாப்பிட வந்து நிக்கறவங்களை எப்படிப் போன்னு சொல்றது? அதோட சர்க்கரை சார் இருக்காரு. எல்லாம் ஒரு கண்துடைப்பு அக்கா, நான் பார்த்துக்கறேன்னு சொன்னாரு." அவருக்கான கிண்ணம் அன்றைக்கும் தனியாக மூடி வைக்கப்பட்டிருந்தது.

இயக்ககக் கட்டடத்திலேயே உட்காரும் தீர்ப்பாளர் முன்னால் வழக்கு வந்தது மாதக் கடைசி நாளன்று. அதே நாள் மதியத்துக்குமேல் இயக்ககத்தின் ஆண்டுவிழா என்பதால் நடையெங்கும் வண்ணக் காகிதம் தொங்கியது. எங்களுக்கு முந்தைய வழக்கு ஒரு கப்பல் முதலாளியுடையது. நாற்பது கம்பெனி, நாற்பதுக்கும் அவர்தான் முதலாளி. ஒரு கம்பெனி இன்னொன்றுக்கு ஆலோசனை சொல்லும், அது இன்னொன்றுக்குச் சொல்லும், கடைசிக் கம்பெனி முதல் கம்பெனிக்கே ஆலோசனை சொல்லிப் பணம் வாங்கும். ஆனால் ஒவ்வொன்றுக்கும் ரசீது, முத்திரை, கையெழுத்து, வண்ண அட்டவணை.

தீர்ப்பாளர் கட்டைப் பிரித்தார், முகர்ந்து பார்த்தார், மூடினார். "இப்படித்தான் இருக்கணும் ஆவணம். பணம் எங்கிருந்து வந்ததுன்னு கேக்கவே மனசு வரல" என்றார். முதலாளி வணக்கம் சொல்லிவிட்டு நேரே விழா மண்டபத்துக்குப் போனார். அன்றைக்கு அவர்தான் சிறப்பு விருந்தினர்.

அடுத்தது அக்கா. அவளுக்காக நான் சாட்சி சொல்ல எழுந்தேன். நான் அங்கே சாப்பிட்டவன், டின்னில் பணம் போட்டவன், எனவே கூட்டாளியாக இருக்கவும் கூடும் என்று இயக்ககத் தரப்பில் சொன்னார்கள். பேசாமல் உட்காருவதே எனக்கு நல்லது என்று தீர்ப்பாளர் அன்போடு அறிவுரை சொன்னார். உட்கார்ந்தேன்.

பிறகு சர்க்கரை சார் வந்தார். அக்கா என் முழங்கையை இடித்தாள். இனிமேல் கவலையில்லை என்று அர்த்தம். அவர் எங்கள் பக்கம் பார்க்காமல் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாக்குமூலத்தை வாசித்தார்.

"மேற்படி பெண்மணியின் நடவடிக்கைகளை நான் பல ஆண்டுகளாக, மாற்றுத் தோற்றத்தில், உணவருந்துபவர்போல் நடித்துக் கண்காணித்து வந்தேன். அவரது நம்பிக்கையைப் பெறும்பொருட்டு அவரை அக்கா என்று அழைத்தேன். அவரது சமையலைப் பாராட்டினேன். பாராட்டு உண்மையானதல்ல. பண வரவின் தன்மையை அறிய, பிஸ்கட் டின் ஒன்றை நானே திட்டமிட்டு அங்கே வைத்தேன்."

அக்கா இன்னமும் சிரித்த முகமாகத்தான் இருந்தாள். "கேஸுன்னா இப்படித்தான் சுத்தி வளைச்சு விஷயத்துக்கு வருவாங்களாம்" என்று என் காதில் சொன்னாள்.

"என் தாயார் காலமானதற்கு அடுத்த வாரம், மேற்படி படிக்கட்டின் அடியில் அமர்ந்து அழுதேன். அது அவரது மனத்தடையைக் குறைக்க நான் மேற்கொண்ட நடவடிக்கை. அவர் என் தலையைத் தடவிக்கொடுத்து, அன்று பணம் போட வேண்டாம் என்று தடுத்துவிட்டார். இதிலிருந்து அவருக்குப் பணத்தட்டுப்பாடு இல்லை என்பது ஐயமற உறுதியானது."

அக்காவின் முகத்தில் இருந்த சிரிப்பு அப்போதுதான் போயிற்று. யாரோ அறைந்த மாதிரி கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அந்தக் கண்ணாடியைப் பிடுங்கிக் காலில் போட்டு மிதிக்க வேண்டும் என்று இருந்தது, மிதிக்கவில்லை.

தீர்ப்பாளர் சிக்கலை ஒரே மூச்சில் அவிழ்த்தார். அதிகாரிகள் அங்கே உண்டது கண்காணிப்பு. கண்காணிப்புக்கான செலவு அரசாங்கச் செலவு. ஆகவே டின்னில் விழுந்த ஒவ்வொரு காசும் அரசாங்கப் பணம். அரசாங்கப் பணத்தைத் தன் பெயரில் வங்கியில் போட்டது குற்றம். ஆனாலும் பெண்மணியின் வயதைக் கருதிச் சிறை வேண்டாம், தொகை முழுவதையும் இயக்ககம் எடுத்துக்கொள்ளட்டும்.

"அவங்க சாப்பிட்ட சோறு யாரோடது சார்?" என்று அக்கா கேட்டாள்.

"அது இந்த வழக்கில் எழவில்லை" என்றார் தீர்ப்பாளர். பிறகு மனசு கேட்காமலோ என்னவோ, எழுந்துகொண்டே சொன்னார்: "உத்தரவில் நான் இன்னும் கையெழுத்துப் போடல. விழா முடிஞ்சுதான் போடுவேன். துணை இயக்குநர் தன் வாக்குமூலத்தை வாபஸ் வாங்கறதா அதுக்குள்ள ஒரு வார்த்தை வந்து சொன்னா, இந்த வழக்கே நிக்காது. நான் மேடையிலதான் இருப்பேன்."

நடையில் சர்க்கரை சாரை மடக்கினோம். மடக்கினேன் என்று சொல்வதுதான் சரி. அக்கா பின்னால் நின்றாள்.

"அக்கா, மனசுல வச்சுக்காதீங்க" என்று அவரே ஆரம்பித்தார். "நான் எழுதலேன்னா வேற ஒருத்தன் எழுதியிருப்பான். என் வேலை போயிரும். ரிட்டயர் ஆக ரெண்டு வருஷம்தான் இருக்கு."

"அது இருக்கட்டும் சார். நீங்க அன்னிக்கு அழுதீங்களே, அது நெசமா இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க."

அவர் சுவரைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார். "நெசம்தான்கா. எழுதினதுதான் பொய்."

அக்கா பெருமூச்சு விட்டாள். பணம் திரும்பி வந்துவிட்டதுபோல அவள் முகம் தெளிந்தது. "அப்ப சரி. அதை உள்ள போய் ஒரு வார்த்தை சொல்லிடுங்க சார். அறைக்காரம்மா சாயங்காலம் வரைக்கும்தான் பொறுப்பாங்க."

அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு அக்காவின் கையைத் தன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "இங்கயே உட்காருங்க. நான் போய்ச் சொல்லிட்டு வந்துடறேன்."

அவர் மண்டபத்துக்குள் போனார். கதவு சாத்திக்கொண்டது. நடையில் கிடந்த பெஞ்சில் உட்கார்ந்தோம். உள்ளே கப்பல் முதலாளி நேர்மையைப் பற்றி நீளமாகப் பேசி முடித்தார். சற்று நேரம் சத்தமில்லை. திடீரென்று ஒரே கைதட்டல்.

அக்கா என் கையை இறுக்கிப் பிடித்தாள். "சொல்லிட்டாரு தம்பி. நல்ல மனுஷன். எனக்குத் தெரியும்."

நடையில் தொங்கிய ஒலிபெருக்கி கரகரத்தது. இயக்குநரின் குரல். பல்லாண்டுகள் ஒரு படிக்கட்டின் அடியில், தன் உடல்நலத்தையும் பொருட்படுத்தாமல், உண்டு உளவறிந்த துணை இயக்குநருக்கு இவ்வாண்டின் நேர்மைப் பதக்கம் வழங்கப்படுகிறது என்றார். மறுபடி கைதட்டல். அடுத்துக் கேட்டது சர்க்கரை சாரின் குரல். எனக்குப் பேசத் தெரியாது என்றார், இயக்ககத்துக்கு நன்றி என்றார். பிறகு, "இந்தப் பதக்கத்தை மறைந்த என் அம்மாவுக்குச் சமர்ப்பிக்கிறேன்" என்றார். குரல் உடைந்தது. உடைந்ததா, உடைத்தாரா என்று எங்களுக்குத் தெரியவில்லை.

அக்கா என் கையை விட்டாள். கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். யாரும் வெளியே வரவில்லை. பிறகு எழுந்து புடவையைச் சரிசெய்துகொண்டு வாசலை நோக்கி நடந்தாள்.

"எங்கக்கா போறீங்க?"

"அறைக்காரம்மாகிட்ட வரலேன்னு சொல்லிட்டு வந்துடறேன். பாவம், என்னை நம்பி இன்னும் காத்துக்கிட்டு இருப்பாங்க" என்றாள்.